வாய் திறந்து கேளுங்கள்

வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் பெண்களைச் சந்திப்பது எனது பணியின் ஒரு பகுதி. கட்டுநாயக்காவைத் தாண்டியதும் பலருக்கு வாயடைத்துப் போகிறது. பிழையாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சத்தில் உதவி கேட்காமலே நிற்கிறார்கள். விமானம் மாறவேண்டிய இடத்தில் அந்தக் கூச்சம் பயணத்தையே குழப்பிவிடும்.

தமிழில் 'தாருங்கள்' என்றாலே மரியாதை வந்துவிடும். ஆங்கில வினைச்சொல்லுக்கு அத்தகைய விகுதி இல்லை. 'கிவ் மீ வோட்டர்' என்பது கட்டளை போல ஒலிக்கும். கேள்வியாகக் கேட்பதே அங்கே மரியாதை: 'குட் ஐ ஹாவ் சம் வோட்டர், பிளீஸ்?'

அறியாதவரை அழைக்க: 'எக்ஸ்கியூஸ் மீ.'

வழி கேட்க: 'குட் யூ ஷோ மீ திஸ் கேற், பிளீஸ்?'

படிவம் நிரப்ப: 'குட் யூ ஹெல்ப் மீ வித் திஸ் ஃபோம், பிளீஸ்?'

விளங்காவிட்டால்: 'குட் யூ சே தட் ஸ்லோலி, பிளீஸ்?'

ஒருவர் 'வுட் யூ மைண்ட்' என்று தொடங்கி உங்களிடம் எதையாவது கேட்டால் கவனம். 'யெஸ்' என்றால் 'எனக்கு ஆட்சேபம் உண்டு' என்று பொருள். சம்மதமானால் 'நோ, நொட் அற் ஓல்' என்று சொல்லவேண்டும்.

கடவுச்சீட்டைக் கருமபீட அலுவலரைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். அந்நியர் பொதியைச் சுமக்கச் சொன்னால், 'சொறி, ஐ கான்ட்' என்று மறுத்துவிடுங்கள். மறுப்பதும் மரியாதைக் குறைவல்ல.

சகோதரிகளே, புறப்படுமுன் இவ்வசனங்களை வீட்டிலேயே உரத்துச் சொல்லிப் பழகுங்கள்.