ஆழியும் அருவியும்

புதுக்கடைக்கு மேற்கே கடல். கிழக்கே தொலைவில் மலைகள். இவ்விரண்டிலும் வாழும் ஈருயிர்களை நான் ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு.

பன்னூறு மீற்றர் ஆழத்து இருளில் வாழும் சென்றோபோரஸ் சுறாவுக்குக் காற்றுப்பை இல்லை. கொழுத்த ஈரலின் எண்ணெயே அதனை மிதக்கச் செய்கிறது. அவ்வெண்ணெய்க்காகவே மனிதன் அதனை வேட்டையாடுகிறான். அதுவோ மெல்ல முதிர்ந்து, ஒரு சில குட்டிகளையே ஈனும். இழந்ததை ஈடுசெய்ய அதற்கு நெடுங்காலம் வேண்டும்.

இலங்கைக்கே உரிய நன்னோபிறிஸ் பாறைத் தவளையின் வாற்பேய்களோ நீரில் நீந்தித் திரிவதில்லை. ஓடையோரம் நனைந்த பாறையில் ஒட்டி வாழ்கின்றன. அந்த ஈரம் உலர்ந்தால் அவற்றுக்கு வாழ்வில்லை. 1882இல் அறிஞர் பூலஞ்சர் விவரித்த குந்தர் தவளை, இன்று அற்றுப்போன இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

சுறாவைக் காக்கத் தூண்டிலை மடக்கவேண்டும். தவளையைக் காக்க ஓடையையே காக்கவேண்டும். ஒன்றுக்கு வேண்டுவது காலம். மற்றதற்கு வேண்டுவது இடம். இரண்டையும் பறிப்பவர் நாமே, அளிக்கக்கூடியவரும் நாமே.