சிமென்டைக் கூட்டும் முன் மண்ணைப் பாருங்கள்

மோட்டார் ரூம், ஆட்டுக்கொட்டகைச் சுவர் போன்ற சிறிய வேலைகளுக்குச் சொந்த மண்ணில் சிமென்ட் கலந்து, அச்சில் அமுக்கிய கல்லைப் பலர் பயன்படுத்துகிறார்கள். கல்லில் விரிசல் கண்டால், "இன்னும் அரை மூட்டை சேர்த்துப் போடுங்க" என்பதுதான் உடனே கிடைக்கும் வைத்தியம். செலவு ஏறுகிறது, விரிசல் நிற்பதில்லை.

சிமென்ட் மணலையும் பொடிச் சரளையையும் நன்றாகப் பிடிக்கும். களித்துகள் மிக நுண்ணியது; நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால் மணல் கலந்த செம்மண்ணுக்கு 5 சதவீதம் சிமென்ட் போதும் என்றால், கரிசலுக்கு 10 சதவீதம் போட்டும் அந்தப் பலம் வராமல் போகலாம். கரிசலில் மணல் சேர்க்க வேண்டும். அல்லது சுண்ணாம்பு கலந்து, பதத்தில் வைக்கும் நாளைக் கூட்ட வேண்டும். விழுப்புரம் மாவட்டம் ஆரோவில்லில் இப்படி அமுக்கிய மண்கல்லில் பெரிய கட்டடங்களே நிற்கின்றன. அங்கே வழக்கமாகச் சேர்ப்பது 5 சதவீதம்தான். அதாவது ஒரு டன் காய்ந்த மண்ணுக்கு ஒரு மூட்டை.

மண்ணை அறிய ஒரு கண்ணாடி பாட்டில் போதும். கால் பாகம் மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி மறுநாள் வரை அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி படியும். பாதிக்கு மேல் மணலும் சரளையும், ஐந்தில் ஒரு பங்கு களியும் இருந்தால் நல்ல மண். களி அறவே இல்லாவிட்டால் அச்சிலிருந்து எடுக்கும்போதே முனை உதிரும்.

மேல்மண்ணைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள மக்கு சிமென்டை இறுக விடாது. வயலும் சத்தை இழக்கும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடிமண்ணை எடுங்கள்.

கலவையைப் பிடித்து உருட்டி இடுப்புயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். அப்படியே கிடந்தால் தண்ணீர் அதிகம், பொடியாகச் சிதறினால் குறைவு. தண்ணீர் சேர்த்த கலவையை உடனுக்குடன் அமுக்குங்கள். கல்லைச் சாக்கு மூடி நான்கு வாரம் ஈரம் காயாமல் வையுங்கள். இதில் ஏமாற்றினால் சேர்த்த சிமென்ட் வீண்.

மொத்தமாக அறுக்கும் முன் 4, 6, 8 சதவீதத்தில் மூன்று மூன்று கல் போட்டு, ஆணியால் எண் கீறுங்கள். நான்கு வாரம் கழித்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். கரையாமல், கீறினால் உதிராமல் இருக்கும் கற்களில் எதில் சிமென்ட் குறைவோ, அந்தக் கலவையே உங்கள் மண்ணுக்கு ஏற்றது.