தனக்குத் தானே இன்ஷூரன்ஸ்

"அரசு பஸ் ஜப்தி" என்னும் தலைப்பைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் நாம் அடிக்கடி காண்கிறோம். விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்கும்படி நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கும். போக்குவரத்துக் கழகம் பணம் கட்டியிராது. கோர்ட்டு அமீனா பஸ் நிலையத்துக்கு வந்து, புறப்படத் தயாராய் நிற்கும் வண்டியைக் கைப்பற்றி, நீதிமன்ற வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். லாரிக்காரரும் டாக்ஸிக்காரரும் ஆண்டுதோறும் தவறாமல் பிரீமியம் கட்டுகையில், ஆயிரக்கணக்கான பஸ்களை ஓட்டும் ஸ்தாபனத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடையாதா என்ற ஐயம் எழுவது இயற்கையே. மர்பி டவுனிலும் அல்சூரிலும் வாழும் நம்மவர் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர், திருவண்ணாமலை என்று ஊர் போய் வருவது பெரும்பாலும் இந்தப் பஸ்களில்தான். ஆதலால் இக்கேள்விக்கு விடை அறிந்து வைத்தல் நமக்கு மிகவும் அவசியமாகும்.

சட்டம் அளிக்கும் விலக்கு

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு, பிறருக்கு நேரும் தீங்கிற்கு ஈடாக எல்லா வாகனங்களும் இன்ஷூர் செய்யப்பட வேண்டும் என்று விதிக்கிறது. அதே பிரிவு, அரசாங்கத்தின் போக்குவரத்து ஸ்தாபனங்களுக்கு விலக்கு அளிக்கவும் இடங்கொடுக்கிறது. ஆயின் அவ்விலக்கு இலவசமானதன்று. விபத்துப் பொறுப்புகளைத் தீர்ப்பதற்கென்றே அந்த ஸ்தாபனம் ஒரு நிதியை நிறுவி, விதிகளின்படி அதைப் பராமரித்துவர வேண்டும் என்பது நிபந்தனை. சுருங்கச் சொன்னால், வெளிக் கம்பெனிக்குப் பிரீமியம் கட்டாதே, ஆனால் அந்தப் பணத்தை உன் பெட்டியிலேயே தனியாக வை என்பதே சட்டத்தின் கருத்து.

இது நேர்மையான ஏற்பாடே. ஒரே ஒரு லாரி வைத்திருப்பவருக்கு ஒரு விபத்தே குடும்பத்தைக் குலைத்துவிடும். அவர் பிறரோடு சேர்ந்தே ஆபத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆயிரம் பஸ் உள்ள ஸ்தாபனத்திலோ ஆண்டுக்கு எத்தனை விபத்து நேரும் என்பது ஏறக்குறைய முன்கூட்டியே தெரியும். அது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் செலவையும் லாபத்தையும் தன் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

கேப்டிவ் கம்பெனி

மேல்நாடுகளில் இந்த ஏற்பாடு ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பெரிய ஸ்தாபனம் ஒன்று தன்னை மட்டுமே இன்ஷூர் செய்வதற்காகத் தானே ஒரு கம்பெனியைத் தொடங்கும். அதற்குக் கேப்டிவ் இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று பெயர். 1950-களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிரெடரிக் ரைஸ் என்பவர் இப்பெயரை வழங்கினார். அங்குள்ள எஃகு ஆலைகளுக்குச் சொந்தமான சுரங்கங்கள் வெளியாருக்கு விற்காமல் ஆலைக்கே தாதுவை அளித்தபடியால் "கேப்டிவ் சுரங்கம்" எனப்பட்டன; அந்தச் சொல்லையே அவர் இன்ஷூரன்ஸுக்கும் வைத்தார்.

பெர்முடா, கேமன் தீவுகள், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூர் ஆகியவை இத்தகைய கம்பெனிகளின் தாயகங்கள். வெர்மான்ட் 1981-இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. இந்தியாவில், 1999-இல் இன்ஷூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்டபோது, பொது இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடங்க 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தன் சொந்த ஆபத்துக்கு மட்டும் கம்பெனி தொடங்க நினைப்பவருக்கு அது மிகப் பெரிய தொகையாகும்.

இவற்றைக் கண்காணிக்கும் அதிகாரிகள் பொதுவாக மூன்று விஷயங்களில் கண்டிப்பாய் இருக்கிறார்கள். முதலாவது, குறைந்தபட்ச மூலதனம் எப்போதும் கையிருப்பில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, கொடுபட வேண்டிய நஷ்டஈட்டுக்குப் போதிய ஒதுக்கு நிதி உள்ளதென்று, கணிப்பில் வல்லவரான ஆக்சுவரி சான்றளிக்க வேண்டும். மூன்றாவது, அந்தப் பணத்தைத் தாய்க் கம்பெனி அனுமதியின்றிக் கடனாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவதே முக்கியமானது. அவசரம் வந்தபோது தாய் தன் பிள்ளையின் உண்டியலை உடைத்துவிட்டால், காப்பு என்பது பெயரளவில்தான் நிற்கும்.

கேப்டிவ் எல்லாவற்றையும் தாங்கிவிடும் என்றும் எண்ணலாகாது. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி மெக்ஸிகோ வளைகுடாவில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் துளையிட்டுவந்த எண்ணெய்க் கிணறு வெடித்து 11 பேர் இறந்தனர். அக்கம்பெனியின் கேப்டிவான ஜூபிடர், கெர்ன்ஸி தீவில் உள்ளது. ஒரு விபத்துக்கு அது ஏற்றிருந்த உச்சவரம்பு 70 கோடி டாலர். மொத்த நஷ்டமோ 6,000 கோடி டாலருக்கும் மேற்பட்டது. மிச்சத்தைத் தாய்க் கம்பெனியே சுமந்தது.

கண்ணுக்குத் தெரியாத கடன்

ஒதுக்கு நிதி ஏன் வேண்டும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு ஆண்டுக்கு 100 நஷ்டஈட்டு வழக்குகள் வருவதாகக் கொள்வோம். சராசரி வழக்குக்கு 5 லட்சம் ரூபாய். ஒவ்வொன்றும் முடிவதற்கு 4 ஆண்டு. முதல் ஆண்டில் ஒரு காசும் செலவாகாது. இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் அப்படியே. கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பவர், இன்ஷூரன்ஸ் இல்லாததால் கோடிக்கணக்கில் மிச்சம் என்று மகிழ்வார். உண்மையில் நான்காம் ஆண்டு இறுதியில் 400 வழக்குகள் நிலுவையில் நிற்கும். அவற்றின் கடன் 20 கோடி ரூபாய். இனி ஒரு விபத்துகூட நேராவிடினும் அந்தப் பணம் கொடுத்தே தீர வேண்டியது. அன்றியும் நேர்ந்துவிட்ட விபத்துக்கு இன்னும் மனுப் போடாதவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். தாமதத்துக்கு வட்டி வேறு.

அந்த 20 கோடியை வேறு செலவுக்கு எடுத்துவிட்ட ஸ்தாபனம், தீர்ப்பு வரும்போது அன்றாட டிக்கெட் வசூலிலிருந்துதான் பணம் தேட வேண்டும். டீசலும் சம்பளமும் முந்திக்கொள்ளும். விதவையின் நஷ்டஈடு வரிசையில் பின்னுக்குப் போகும். கட்டணத்தைக் குறைவாக வைத்து, பிற பஸ் போகாத கிராமத்துக்கும் வண்டி ஓட்டி நஷ்டத்தை ஏற்கும் அரசுக் கழகங்களின் சிரமத்தை நாம் அறியாதவரல்லோம். ஆயினும் அச்சிரமத்தின் பாரத்தை, குடும்பத் தலைவனை இழந்தவர்கள் மீது இறக்கி வைப்பது எவ்வகையிலும் நியாயமாகாது.

மைசூர் காட்டிய வழி

வழி இல்லாமற் போகவில்லை. நாம் குடியேறிய இந்த நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவரான சேஷாத்ரி ஐயர் மைசூர் திவானாக இருந்த காலத்தில், 1891-இல், சமஸ்தான ஊழியர்களுக்கென அரசாங்கமே ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏற்படுத்தியது. ஊழியரின் சம்பளத்திலிருந்து பிரீமியம் பிடிக்கப்பட்டது. 1956-இல் 245 இன்ஷூரன்ஸ் ஸ்தாபனங்கள் ஒன்றாக்கப்பட்டு ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் அமைந்தபோதும் மைசூர் ஏற்பாடு தனித்தே நின்றது. இன்று அது கர்நாடக அரசு இன்ஷூரன்ஸ் இலாகா. அரசாங்க வாகனங்களை இன்ஷூர் செய்யும் மோட்டார் கிளையும் அதற்கு உண்டு. தன் ஊழியரையும் தன் வாகனத்தையும் தானே காக்கும் இது, கேப்டிவுக்கு மிக நெருங்கியது. இங்கே பிரீமியம் முன்னால் வருகிறது, பொறுப்பு பின்னால் வருகிறது. அந்த வரிசை மாறாதிருப்பதே இதன் பலம்.

கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகமும், டிக்கெட்டோடு ஒரு சிறு தொகை வசூலித்து விபத்து நிவாரண நிதி வைத்திருக்கிறது. அதிலிருந்து இறந்த பயணியின் குடும்பத்துக்குத் தரும் தொகை 2024 ஜனவரி 1 முதல் 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. நமது இரயில்வேயும் விபத்து நஷ்டஈட்டைத் தன் பொறுப்பிலேயே கொடுத்துவருகிறது. 2017 ஜனவரி 1 முதல் உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். அதற்கான தீர்ப்பு மன்றத்தின் அமர்வு ஒன்று பெங்களூரிலேயே இருக்கிறது.

குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஊர்ப் பயணத்தில் விபத்து நேர்ந்தால், வழக்குக்காகத் தமிழ்நாட்டுக்கே அலைய வேண்டும் என்று நம்மவரிற் பலர் எண்ணிக் கைவிட்டுவிடுகிறார்கள். அது தவறான எண்ணம். விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் இடத்திலுள்ள மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மன்றத்திலும் மனுச் செய்யலாம். பெங்களூரில் வசிப்பவர் பெங்களூரிலேயே செய்யலாம்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மனுவுக்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. ஆதலால் துக்கம் ஆறட்டும் என்று காத்திராமல் கெடுவுக்குள் மனுவைப் போட்டுவிட வேண்டும். யார்மீது குற்றம் என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சமும் படுகாயத்துக்கு 2.5 லட்சமும் கோர 164-வது பிரிவு இடந்தருகிறது. போலீஸ் முதல் தகவல் அறிக்கை, பிரயாண டிக்கெட், ஆஸ்பத்திரி ரசீதுகள், சம்பளச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. தீர்ப்பில் வட்டி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டறிக. தீர்ப்பு வந்தும் பணம் வராவிடில், நிறைவேற்று மனுப் போட்டு ஜப்தி கேட்பது பகைமை அன்று; அது சட்டம் தந்த உரிமை.

நம் சங்கங்களுக்கும் இதுவே பாடம்

மாதச் சந்தா பிரித்து, அங்கத்தினர் வீட்டில் சாவு நேர்ந்தால் உதவித் தொகை கொடுக்கும் வழக்கம் நம் சங்கங்கள் பலவற்றில் உண்டு. அதுவும் சிறிய அளவில் தனக்குத் தானே செய்துகொள்ளும் இன்ஷூரன்ஸே. அங்கத்தினர் இளைஞராயிருக்கும் காலத்தில் பணம் சேரும். சேர்ந்த பணத்தைக் கண்டு ஆண்டு விழாவைப் பெரிதாக நடத்தத் தோன்றும். முப்பது ஆண்டு கழித்து எல்லாரும் ஒருங்கே முதுமை எய்தும்போது பெட்டி காலியாயிருக்கும்.

ஆகவே உதவி நிதிக்குத் தனி பாங்குக் கணக்கு வைப்பதும், விழாச் செலவுக்கு அதைத் தொடாதிருப்பதும், அங்கத்தினரின் வயதைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்ப்பதும், அக்கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வாசிப்பதும் நிர்வாகிகளின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது அங்கத்தினரின் கடமை. வெர்மான்ட் அதிகாரி கேட்கும் கேள்வியும், மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கும் நிபந்தனையும், ஐம்பது வீட்டார் சேர்ந்த சங்கத்தின் பொருளாளரிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்றுதான்: கொடுப்பதாகச் சொன்ன பணம் இன்று பெட்டியில் இருக்கிறதா?