புதையலும் பொறுப்பும்

'புதையல்' என்னும் சொல்லைச் செவியுற்ற மாத்திரத்தே நம் சிறுவர்களின் கண்கள் அகல விரிகின்றன. பாழடைந்த கோட்டை, ஆலமரத்து வேர், செம்புக் குடம், அக்குடத்தைக் காத்துக் கிடக்கும் நாகம் என்று கதை கேட்டு வளர்ந்த பரம்பரையன்றோ நமது! ஆயின், பொன்னும் மணியும் இல்லாத ஒரு புதையலைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்து, அதனைக் கண்டெடுத்து, உள்ளேயிருக்கும் சிறு குறிப்பேட்டில் தம் பெயரையும் தேதியையும் எழுதி, எடுத்த இடத்திலேயே மீண்டும் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் மக்கள் உலகெங்கும் இருக்கின்றார்கள் என்றால் அது விந்தையே.

இவ்விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். புவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், ஒளித்து வைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் சேர்ந்து பிறந்தது அது. நாம் இக்கட்டுரையில் 'பெட்டி தேடல்' என்றே வழங்குவோம். இதனை ஆடுவோர் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுக்கத்தையும், வந்தாறுமூலை போன்ற நம் ஊர்களுக்கு இது வருமாயின் எவ்வாறு வரவேண்டும் என்பதையும் பற்றி வாசகர்களோடு சிறிது அளவளாவ விரும்புகின்றோம்.

வாளியிற் பிறந்த விளையாட்டு

இருபதினாயிரம் கிலோமீற்றருக்கும் மேலான உயரத்தில் நின்று பூமியைச் சுற்றிவரும் செய்ம்மதிகள் சில உள்ளன. அவற்றுள் நான்கினது சைகைகளைப் பெற்றால், கையடக்கமான ஒரு கருவி தான் இருக்கும் இடத்தைக் கணித்துச் சொல்லிவிடும். இதுவே ஜீ.பி.எஸ். எனப்படும் அமெரிக்க ஏற்பாடு. படைத்துறைக்கென அமைந்தமையால், பொதுமக்களுக்குக் கிட்டும் சைகையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பி வந்தார்கள். அதனாற் கருவி காட்டும் இடம் 100 மீற்றர் வரை விலகி நிற்கும். 2000 ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் தேதி, ஜனாதிபதி கிளின்டன் அப்பிழையை நிறுத்துமாறு பணித்தார். ஒரே இரவிற் கருவிகளின் துல்லியம் ஏறக்குறையப் பத்து மடங்கு உயர்ந்தது.

மே 3 ஆந் தேதி, ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் அல்மர் என்னும் கணினி வல்லுநர், ஒரு கறுப்பு வாளியிற் சில பொருள்களை இட்டு, பீவர்கிறீக் என்னும் ஊருக்கு அண்மையில் வீதியோரத்திற் பாதி புதைத்து வைத்தார். அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளை யாவரும் அறிய வெளியிட்டார். கண்டெடுப்போர் ஏதேனும் எடுத்துக்கொண்டு ஏதேனும் வைத்துவிட்டுச் செல்லவேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. சில நாட்களுக்குள் மைக் ரீக் என்பவர் அதனைக் கண்டுபிடித்துவிட்டார். ஒற்றை வாளியிலே தொடங்கிய இவ்விளையாட்டில் இன்று முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மறைவிடங்கள் உள.

இதற்கு முன்னோடியும் ஒன்றுண்டு. இங்கிலாந்தின் டாட்மூர் மேட்டுநிலத்தில், 1854 ஆம் ஆண்டு ஜேம்ஸ் பெரற் என்னும் வழிகாட்டி, நெடுந்தூரம் நடந்துவரும் பயணிகள் தம் பெயர்ச் சீட்டை இட்டுச் செல்வதற்காக ஒரு போத்தலை வைத்தார். 'யான் இங்கு வந்தேன்' என்று எழுதி வைக்கும் ஆசை மனிதருக்கு எக்காலத்தும் உண்டு போலும்!

கலையின் ஆயிரத்தில் ஒரு கூறு

மாணவர்கள் தம் புவியியற் பாடத்தை இவ்விடத்தில் நினைவு கூரலாம். வந்தாறுமூலை ஏறக்குறைய வட அகலாங்கு 7 பாகை 48 கலையிலும், கிழக்கு நெட்டாங்கு 81 பாகை 35 கலையிலும் உள்ளது. அகலாங்கில் ஒரு கலை என்பது நிலத்தில் 1.85 கிலோமீற்றர். எனவே இவ்வளவு மட்டும் சொன்னால் ஊரைக் காணலாமேயன்றி, ஊரிலுள்ள ஒரு மரத்தைக் காணல் இயலாது. பெட்டி தேடுவோர் கலையை ஆயிரங் கூறாக்கி எழுதுவர். அக்கூற்றில் ஒன்று இரண்டு மீற்றருக்குச் சற்றே குறைவானது. ஆயினும் கருவியின் பிழை சில மீற்றர் இருக்குமாதலால், கடைசிப் பத்தடியைக் கருவி காட்டாது. அங்கே கண்ணும் புத்தியுமே துணை. விளையாட்டின் சுவையும் அந்தப் பத்தடியிலேதான் இருக்கின்றது.

ஆடுவோர் ஒழுக்கம்

சட்டம் பேசப் போலீஸ்காரர் எவரும் இல்லாத இவ்விளையாட்டிற் சில நெறிகள் வேரூன்றியிருத்தல் பாராட்டத்தக்கது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால், அதற்கு ஒத்த மதிப்புடைய அல்லது மேலான பொருளொன்றை இடவேண்டும். எடாமலும் போகலாம், ஏட்டிற் பெயரெழுதாமல் மட்டும் போகலாகாது. இருந்தவாறே மூடி, இருந்த இடத்திலேயே வைக்கவேண்டும். அயலார் பார்த்துக்கொண்டிருக்கையிற் பெட்டியைத் திறவாது, அவர்கள் அப்பாற் செல்லுமட்டும் பொறுத்திருத்தல் நன்று. பின்னே வருவோரின் மகிழ்ச்சியைக் கெடுக்கும் வண்ணம் மறைவிடத்தை வெளியிற் சொல்லுதல் தகாது.

ஒளிப்பவருக்கு விதிகள் இன்னும் அதிகம். காணிக்குடையவரின் அனுமதி வேண்டும். நிலத்தைத் தோண்டிப் புதைத்தலும் மரத்தில் ஆணி அறைதலும் கூடா. ஒரு பெட்டிக்கும் மற்றொன்றுக்கும் இடையே குறைந்தது 161 மீற்றர் தூரம் வேண்டும். உணவுப் பொருள், மது, மருந்து, ஆயுதம், வெடிபொருள் எவையும் பெட்டியினுள் வைக்கப்படலாகா. உணவை வைத்தால் அதன் மணத்தை மோந்து விலங்குகள் பெட்டியையே கடித்துக் குதறிவிடும். வேடிக்கை என்னவெனில், அல்மரின் முதல் வாளி பாதி புதைக்கப்பட்டிருந்தது. அதனுள் அவரைவிதைத் தகரமொன்றும் இருந்தது! தலைமகனே இன்றைய விதிகளில் இரண்டை மீறியிருக்கின்றான். அனுபவத்தால் விளைந்தவை இவ்விதிகள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பெட்டி தேடச் செல்பவர் கையிலே ஒரு பையையும் கொண்டு சென்று, வழியிற் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வரவேண்டும் என்ற நல்வழக்கமும் 2002 ஆம் ஆண்டு முதல் இவர்களிடையே பரவியிருக்கின்றது. வாவிக்கரையிற் பொலித்தீன் பைகள் ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டு மனம் நொந்தவர்கள் இவ்வொன்றையேனும் உடனே கைக்கொள்ளலாம்.

தண்ணீர்ப் பந்தல் தரும் பாடம்

ஒளித்து வைப்பது ஒரு நாள் வேலை. பேணுவதோ ஆண்டு முழுவதும் உள்ள வேலை. கார்த்திகையிலும் மார்கழியிலும் வடகீழ்ப் பருவமழை நம் பகுதியிற் கொட்டுவதை அறியாதார் யார்? 2011 ஆம் ஆண்டு தை மாதத்து வெள்ளத்தை மட்டக்களப்பு மக்கள் மறக்கவில்லை. அத்தகைய மழையில் மூடி இறுகாத பெட்டியினுள் நீர் புகும், ஏடு கூழாகும், உள்ளிருக்கும் பொம்மையிற் பூஞ்சணம் படரும், எறும்பு குடியேறும். தேடி வந்தவர், "பழுது பார்க்க வேண்டும்" என்று அறிவித்தால், வைத்தவர் சென்று ஏட்டை மாற்றி, பெட்டியை உலர்த்தி, இடத்தைச் சரிபார்க்க வேண்டும். உடனே இயலாவிடிற் பெட்டி தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருப்பதாகச் சொல்லவேண்டும். நெடுங்காலம் கவனியாவிட்டால், அது பட்டியலிலிருந்து நீக்கப்படும். நீக்கப்பட்ட பின்னரும் அதனை எடுத்து அப்புறப்படுத்துவது வைத்தவரின் கடமையே. தம்மால் இயலாதவர் வேறொருவரைத் தத்தெடுக்கச் செய்யலாம்.

இவ்வறம் நமக்குப் புதிதன்று. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் நம் ஊர்கள் வழியே செல்கையில், அவர்களுக்கெனத் தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பந்தல் போடுவது எளிது. ஆனால் பானையை நாள்தோறும் கழுவி, நல்ல நீர் நிரப்பி, மூடி வைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அவ்வாள் இல்லையேல் அப்பானையிற் புழு நெளியும்; புண்ணியம் பாவமாகிவிடும். முகமறியாத வழிப்போக்கனுக்காக வைக்கப்பட்ட பெட்டியும் இத்தகையதே.

விடுமுறைப் பெட்டி

ஒரு காட்சியை மனத்திலே கற்பனை செய்து பார்ப்போம். கனடாவிலிருந்து ஆடி விடுமுறைக்கு வந்தாறுமூலையிலுள்ள தன் அம்மம்மா வீட்டுக்கு வந்திருக்கிறான் பன்னிரண்டு வயதுப் பேரன். அங்கே பெட்டி தேடிப் பழகியவன். அம்மம்மாவின் ஊருக்கும் ஒரு பெட்டி வேண்டுமென்று ஆசை கொண்டு, ஒரு பிளாத்திக்குப் பெட்டியில் ஏட்டையும் பென்சிலையும் சில விளையாட்டுச் சாமான்களையும் இட்டு, வளவின் ஓரத்து வேம்பின் பொந்தில் வைக்கின்றான். முற்றத்திலே நெல் உலர்த்திக்கொண்டிருந்த அம்மம்மா அதனைப் பார்த்துக் கேட்கின்றாள்:

"நீ அடுத்த கிழமை போயிருவாய். இத ஆரு மனே பாக்கிற?"

எழுத்தறிவு மிக்க பலர் கூடி வகுத்த விதியும் அவள் கேட்ட கேள்வியும் ஒன்றே. விடுமுறைக்குச் சென்ற இடத்திலே பெட்டி வைத்துவிட்டு ஊர் திரும்புவோரின் பெட்டிகளை இவ்விளையாட்டின் பரிசோதகர் பொதுவாக ஏற்பதில்லை. உள்ளூரில் ஒருவர் பேணுவதாகப் பொறுப்பேற்றாலொழிய அவை பட்டியலில் இடம்பெறா. ஆகவே பேரன் செய்யத்தக்கது யாது? ஊரிலிருக்கும் மச்சானையோ மச்சாளையோ கூட்டுச் சேர்த்துக்கொள்ளுதல். பெட்டியை அவர்கள் பெயரிலே வைத்தல். அப்போது அவன் போன பிறகும் அவர்களுக்கிடையே எழுத்துப் போக்குவரத்து நடைபெறும். கடல் கடந்த உறவு அறுந்துபோகாமலிருக்க அந்தச் சிறு பெட்டியும் ஒரு காரணமாகலாம்.

நமது மண்ணின் நினைவுகள்

இனி, எல்லாவற்றினும் முக்கியமானதொன்றைச் சொல்லவேண்டும். உரிமையாளர் தெரியாத பொதியைத் தொடாதே என்று குழந்தைக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த தேசம் நமது. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமென 2017 ஆம் ஆண்டிலேதான் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழியுமுன், 2019 ஏப்ரல் 21 ஆந் தேதி உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்துப் பச்சிளங் குழந்தைகளும் மாண்டனர். இத்தகைய ஊரில், புதர் மறைவிலே ஒருவர் குனிந்து ஏதோ ஒளிப்பதைக் காணும் தாயின் நெஞ்சம் என்ன பாடுபடும்!

போர் காணாத ஊர்களிலும் இதனால் இடர் விளைந்ததுண்டு. 2011 ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், வீதியோரத்தில் ஒருவர் ஒளித்த சிறு பெட்டியைக் குண்டெனக் கருதி மக்கள் அஞ்சினர்; படையினர் வந்து அதனை வெடி வைத்துத் தகர்த்தனர். அங்கேயே அவ்வாறெனில், இங்கே எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்?

வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 1981 ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது அது. 1990 ஆம் ஆண்டில் அவ்வளாகம் இடம்பெயர்ந்த மக்களின் தஞ்சமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 5 ஆந் தேதி அங்கிருந்து படையினரால் அழைத்துச் செல்லப்பட்ட 158 பேர் வீடு திரும்பவில்லை. காணாமற் போனவர்களைத் தேடும் தாய்மார் வாழும் மண்ணில், 'தேடுதல்' என்ற சொல்லுக்கே வேறொரு கனம் உண்டு. துயரம் தோய்ந்த இடங்களை விளையாட்டுக்குரிய களமாக்காதிருத்தல் எழுதப்படாத முதல் விதியாக இருக்கட்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை, படைமுகாம், இருப்புப்பாதை ஆகியவற்றின் அயலிலும் பெட்டி வேண்டா. வேறிடத்தில் வைப்பதாயினும், கிராம சேவையாளருக்கும் காணிக்காரருக்கும் அறிவித்து, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பெட்டியில், இஃது இன்னதென்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டி வைக்கவேண்டும்.

பெட்டியில்லாப் புதையல்

இவ்வளவு தொல்லை எதற்கு என்போருக்கும் ஒரு வழியுண்டு. 2004 ஆம் ஆண்டு அமெரிக்கப் புவிச்சரிதவியற் கழகம் இவ்விளையாட்டின் வேறொரு வகையைத் தோற்றுவித்தது. அதிற் பெட்டியே இல்லை. குறித்த இடத்துக்குச் சென்று, அங்குள்ள பாறையையோ ஆற்றையோ மணலையோ உற்று நோக்கி, கேட்ட வினாவுக்கு விடை காண்பதே அதிற் புதையல். ஈரமாவதற்கு ஏடில்லை, அஞ்சுவதற்குப் பொதியில்லை.

நம் மாணவர்களுக்கு இதனினும் ஏற்றது எது? பாலமீன்மடு முகத்துவாரத்துக்குச் செல்லுங்கள். கோடையில் மணல் சேர்ந்து வாவியின் வாய் அடைபடுவதையும், மாரியில் வெள்ளம் அதனைப் பிளந்து கடலோடு கலப்பதையும் பாருங்கள். மணற்றிட்டின் அகலத்தைக் காலடியால் அளந்து குறியுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் சென்று அளவுங்கள். கரையிலே கண்டல் மரங்களின் வேர் சேற்றை எவ்வாறு பற்றி நிற்கின்றது என்று நோக்குங்கள். குடும்பிமலைப் பாறை சமவெளியிலே தனித்து நிற்பதன் காரணத்தை ஆசிரியரிடம் வினவுங்கள். ஒரு வகுப்பினர் வினாவை எழுதி வைக்க, மறு ஆண்டு வகுப்பினர் விடை தேடிச் செல்லலாம்.

'வந்து ஆறும் மூலை' என்று ஊர்ப் பெயரைப் பிரித்துப் பார்க்க நம் மனம் விரும்புகின்றது. வந்தவர் களைப்பாறிச் செல்லும் இடம் தூய்மையாக இருக்கவேண்டுமாயின், அங்கேயே தங்கிப் பேணுபவர் ஒருவர் வேண்டும். பெட்டி ஒன்றை ஒளிக்க விரும்பும் பிள்ளைகள், மூடியை மூடுமுன் அம்மம்மாவின் கேள்விக்கு விடை சொல்லட்டும். விடை உண்டாயின் தாராளமாக ஒளிக்கட்டும். தேடி வருவதற்கு நாமும் ஆயத்தமாக இருக்கின்றோம்.