டீசல் லாரி கிளம்ப மறுப்பது ஏன்?

ஐதராபாத்திலிருந்து விஜயவாடா செல்லும் சாலையில் வனஸ்தலிபுரத்தை அடுத்து ஆட்டோநகர் என்னும் பகுதி உள்ளது. லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகள் மிகுந்த இடம் அது. மார்கழிக் குளிரில் காலையில் கிளம்ப மறுக்கும் லாரியும், பாரம் ஏற்றியதும் மேட்டில் திணறும் லாரியும் இத்தகைய பட்டறைகளுக்குப் புதியன அல்ல. இக்குறைகளைக் கண்டவுடன் 'பம்ப் போய்விட்டது' என்று முடிவு கட்டுவோர் உண்டு. எரிபொருள் பம்ப்பைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினால் வண்டி நாட்கணக்கில் நின்றுவிடும். ஒரே வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு இது பெரு நஷ்டமாகும். வெடித்த ஒரு சிறு ரப்பர்க் குழாயே காரணமாயிருப்பின், பம்ப் திரும்பி வந்த பின்னும் குறை தீராது. ஆதலின் எளிய சோதனைகளை முதலிலும் செலவு மிக்கவற்றை இறுதியிலும் செய்வதே நலம்.

1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. இன்றைய லாரி எஞ்சினும் அத்தத்துவத்தில் இயங்குவதே. சிலிண்டருள் புகுந்த காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கோ அதனினும் குறைவாகவோ அமுக்குகிறது. அதனால் காற்றின் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறுகிறது. அதனுள் நுண்திவலைகளாகப் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. காற்று, எரிபொருள், அமுக்கம் ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் எஞ்சின் தயங்கும்.

முதற் சோதனை பாட்டரியாகும். செல்ப் மோட்டார் மெதுவாகச் சுழன்றால், அமுக்கத்தால் பிறந்த உஷ்ணம் சிலிண்டரின் குளிர்ந்த சுவர்களில் வீணாகிவிடும். பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பைத் துடைத்து இறுக்கிய பின்னரே அடுத்த சோதனைக்குச் செல்ல வேண்டும்.

அடுத்து, புகையைக் கவனிக்க வேண்டும். செல்ப் சுழலும்போது புகையே வாராவிடில், எரிபொருள் சிலிண்டரை அடையவில்லை எனலாம். வெண்புகை வந்தால், டீசல் சென்றும் எரியவில்லை என்பது பொருள். அமுக்கக் குறைவோ, பீச்சும் வேளை தவறியதோ காரணமாகலாம். பாரத்தோடு ஓடுகையில் கரும்புகை மிகுந்தால் காற்று போதவில்லை, அல்லது நாசில் கெட்டுள்ளது. நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதைக் காட்டும்.

எரிபொருளைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்க ஓர் எளிய சோதனை உண்டு. பழைய வகை பம்ப் உள்ள லாரியில், தூய டீசல் நிரம்பிய சிறு கலத்தைச் சற்று உயரத்தில் வைத்து, அதிலிருந்து நேரே வடிகட்டிக்குக் குழாய் இணைத்து, ஏர் எடுத்துவிட்டு எஞ்சினை ஓட்ட வேண்டும். எஞ்சின் சீராக ஓடினால் பம்ப் குற்றமற்றது. டாங்கியின் மூடியில் காற்றுத் துளை அடைபட்டிருத்தல், டாங்கியில் நீர் தேங்கியிருத்தல், குழாய் இணைப்பு வழியே காற்று புகுதல் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். காற்று புகும் வண்டியில் இரவில் டீசல் டாங்கிக்கே திரும்பி வடிந்துவிடும். ஆகவேதான் காலையில் மட்டும் தொல்லை தருகிறது. இவ்விதம் ஓட்டியும் குறை நீடித்தால், வடிகட்டியை மாற்றிப் பார்த்த பின்னரே நாசில், பம்ப், அமுக்கம் ஆகியவற்றை ஆராய்தல் தகும்.

வலுக் குறைவைப் பற்றி மற்றொன்றும் அறியத்தக்கது. ஐதராபாத் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 540 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு வாயுமண்டல அழுத்தம், கடற்கரையில் உள்ளதைவிட நூற்றுக்கு ஆறு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் சென்னையில் தரும் வலுவை அங்கே முழுமையாகத் தராது. அச்சிறு குறைவு பழுதன்று. ஆனால் வலு பாதியாகிவிட்டதெனில் உயரத்தின்மேல் பழி போடலாகாது. காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கேற்ப அமைந்த லாரிகளில், டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பீச்சப்படுகிறது. பழைய வண்டிகளில் செய்வதுபோல் ஓடும் எஞ்சினில் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்துவது இங்கே பேராபத்து. பாய்ந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியில் சிறு புள்ளியாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது. இவ்வண்டிகளில் கணினிக் கருவியால் பிழைக்குறிகளைப் படித்தலே முதற்படி. எனினும் பாட்டரியும் வடிகட்டியும் நீரும் அவற்றிற்கும் பொதுவே.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துக்கொண்டு மேலே செல்வது, வகுப்பறையில் ஆசிரியர் கற்பிக்கும் சோதனை முறையே ஆகும். இரண்டை ஒருங்கே மாற்றினால் வண்டி ஓடக்கூடும். ஆயின் எதனால் ஓடியதென்பது தெரியாது. அடுத்த மார்கழியில் அதே தொல்லை வருமாயின், அன்றும் பம்ப்பையே கழற்ற நேரிடும்.