தண்ணீரில் வாழும் மீன்

தண்மை பொருந்திய நீரையே தண்ணீர் என்றனர் நம் முன்னோர். பாலையூற்றுக்கு அணித்தேயுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் நீராடிப் பழகிய எமக்கு, குளிர்ந்த நீரில் மட்டுமே வாழவல்ல மீனொன்று இத்தீவில் உண்டு என்பது வியப்பாகவே இருக்கும். அதுவே ட்ரவுட்.

இது நம் நாட்டு மீன் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் தம் தூண்டில் விளையாட்டுக்கென மலைநாட்டு ஓடைகளில் விட்டனர். முதலில் வந்த கபில ட்ரவுட் வளர்ந்ததேயன்றி இனம் பெருக்கவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட், 2000 மீற்றருக்கு மேல் உயர்ந்த ஹோட்டன் சமவெளியில் நிலைபெற்றது. நீர் குளிரக் குளிர, அதில் கரையும் ஒட்சிசன் மிகும். கடல்மட்டத்தில் 10 பாகைக் குளிரில் லீற்றருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் கரையும். 30 பாகையிலோ ஏழரைதான். எம் குளங்களில் ட்ரவுட் மூச்சுத் திணறி மாளும்.

இனங்காண்பது எளிது. முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் இடையே முள்ளில்லாத சிறு சதைச் செட்டையொன்று இருக்கும். கெளிற்றுக்கும் அஃது உண்டே என்பீர்கள். ஆனால் கெளிற்றுக்கு மீசையுண்டு, செதில் இல்லை. ட்ரவுட்டுக்கு மீசையில்லை, நுண்ணிய செதில்கள் உண்டு. விலாவில் இளஞ்சிவப்புப் பட்டையும் வால்வரை கரும்புள்ளிகளும் காணின் அது வானவில் ட்ரவுட். செம்புள்ளிகளைச் சுற்றி வெளிறிய வளையம் காணின் கபில ட்ரவுட்.

பிடிப்பதற்கு மண்புழு வேண்டுவதில்லை. இறகையும் நூலையும் கட்டிப் பூச்சிபோல் அமைத்த தூண்டிலை நீர்மேல் மெல்ல இடுவர். ஓடையில் மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்குமாதலால், கீழ்ப்புறமிருந்து, நிழல் நீரில் விழாமல் அணுகவேண்டும். ஏரியிலோ விடியலிலும் அந்தியிலும், ஓடை வந்து கலக்கும் வாயிலருகே இரை தேடும். ஏரியில் இதனைக் காண விழைவோர் நீலகிரிக்குச் செல்லலாம். அங்கு அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டிலேயே பொரிப்பகம் அமைத்தனர். மீன்வளத் துறையின் அனுமதி பெற்றே தூண்டில் இடுதல் வேண்டும். விட்டுவிட எண்ணினால் கையை நனைத்த பின்னரே மீனைத் தொடுக. உலர்ந்த கை அதன் உடல்வழுவழுப்பைச் சிதைத்துவிடும்.

ஹோட்டன் சமவெளியோ 1988இல் தேசிய பூங்காவாயிற்று. அங்கே தூண்டில் இடலாகாது. அவ்வோடைகளில் வேறெங்கும் காணப்படாத சிற்றிறால் இனமொன்று உண்டு. அதற்கு இந்த விருந்தாளியால் ஆபத்து என்கின்றனர் ஆய்வாளர்.

சுற்றுலாவின்போது தூண்டிலை மறைத்துக் கொணர்ந்த மாணவன் ஒருவன் இதனைப் பற்றிக்கொண்டான். "அப்படியானால் ட்ரவுட்டைப் பிடிப்பது நன்மைதானே, சேர்?" என்றான். வினா நியாயமானதே, எனக்கும் உடனே விடை வரவில்லை. அகற்றுவதாயின் எதனை, எவ்வளவு, எங்ஙனம் என்பதை ஆராய்ந்து செய்யவேண்டியோர் வனசீவராசிகள் திணைக்களத்தார் என்று கூறித் தூண்டிலை வாங்கி வைத்துக்கொண்டேன். ஊர் திரும்பியதும், கந்தளாய்க் குளத்துத் திலாப்பியாவுக்கு ஆகட்டும் என்று அவனிடமே கொடுத்துவிட்டேன்.