பார் தேர்வு

சட்டக்கல்லூரிப் பட்டமொன்றே வழக்காடற்குப் போதுமென்பர் எம்மூராகிய கட்டுமாவடியிற் பலர். அஃது அன்று. 2009-10ஆம் கல்வியாண்டு முதற் பட்டம் பெற்றோர், மாநிலப் பார் கவுன்சிலிற் பதிவு செய்துகொள்வதோடு, அகில இந்திய பார் தேர்விலும் வெற்றி பெறல்வேண்டும்.

படகும் வலையும் பற்றி வழக்குற்று நீதிமன்றமேறும் எம்மூர் வலைஞன், தன் வழக்கறிஞர் சட்டமறிந்தவரோவென ஆராய வல்லனல்லன். அவன்பொருட்டு ஆராய்வதே இத்தேர்வு. முதன்முதல் நடைபெற்றது 2011 மார்ச்சு 6இல்.

பதிவுக்குமுன் ஓராண்டுப் பயிற்சியை வற்புறுத்திய விதியை உச்சநீதிமன்றம் 1999இல் செல்லாதாக்கியிருந்தமையின், இத்தேர்வும் ஐயத்துக்கிடமாயிற்று. அதனை நடத்தும் அதிகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு உண்டென ஐவர் அமர்வு 2023 பிப்ரவரி 10இல் தீர்ப்பளித்தது.

வினாக்கள் 100. விடை பிழைப்பினும் பெற்ற மதிப்பெண் குறையாது. சட்டமூலங்களை உடன்கொண்டு செல்லலாம், உரைக்குறிப்பு இருத்தலாகாது. உரையின்றி மூலம் பயில்வதன் அருமையை எம்போன்ற தமிழ் மாணாக்கர் நன்கறிவர்! தமிழிலும் இதனை எழுதலாம்.